முழுப்பேர்

என் மகன் என்னை முதன்முதலில் கூப்பிட்ட சொல் ‘ஆளு’.

இதைச் சொன்னால் டவுனில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மடுல்சீமையில் பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறி நடக்க வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அங்கே வேலை செய்கிற எல்லோருமே ஆள்தான். ஆம்பிளை ஆள், பொம்பிளை ஆள். கொழுந்துக்கு இத்தனை ஆள், செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு இத்தனை ஆள். விடியும்போது களத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கென்று பிரித்து அனுப்புவார். அந்த வரிசைதான் பெரட்டு. நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர் விழும். பாதி நாளோடு அனுப்பிவிட்டால் அரைப்பேர். ஒரு நாள் உழைப்புக்குப் பேர் என்று பேர் வைத்தது யாரென்று தெரியவில்லை. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். நடுப்பிள்ளையும் பெண்தான், அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். கடைசியாகப் பிறந்த மகனுக்கு இரண்டு வயது. தாய்மார் மலையில் நிற்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஒரு கட்டிடம் உண்டு. அதைப் பிள்ளைக்காம்பரா என்போம். இருட்டு விலகுவதற்குள் மகனை அங்கே கொண்டுபோய் விடுவேன். தூக்கத்திலேயே இருப்பான். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு ஓடி வந்து எடுப்பேன். அதற்குள் மறுபடி தூக்கம் அவன் கண்ணில் வந்து நிற்கும். ஆகவே அவன் விழித்திருந்த பொழுதையெல்லாம் பார்த்தவள் ஆயம்மாதான். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். புருஷன் போய்ச் சேர்ந்தவள், பிள்ளை இல்லை, தடித்த கைகள், ஓங்கிய குரல்.

சாயங்காலம் நாங்கள் பாதையில் வருவதைக் கண்டதும் அவள் உள்ளே பார்த்து, “ஒன்னோட ஆளு வந்துருச்சு, எந்திரி” என்பாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படித்தான். மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, “அம்மா” என்று ஓடி வந்தன. என் மகன் கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரு நாள் என்னைப் பார்த்து விரலை நீட்டி, “ஆளு” என்றான். வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆயம்மாவும் சிரித்தாள். அவளை அவன் ‘ம்மா’ என்று கூப்பிடுவதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். ஆயம்மா என்பதில் பின்பாதி மட்டும் அவன் வாயில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது, வீட்டுக்கு ஒரு காம்பராவாக நீளமாகக் கட்டிய எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனி இந்தக் காம்பராவுக்குள் அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் தலையாட்டின.

அந்த வருஷம் அரசாங்கம் கொடுக்கிற கூப்பன் அரிசி பாதியாகக் குறைந்திருந்தது. மாவுக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை. தோட்டத்திலும் வாரம் முழுக்க வேலை இல்லை. வெள்ளிக்கிழமைப் பெரட்டோடு சரி, இனித் திங்கட்கிழமைதான் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சனி ஞாயிறு வீட்டில் பிள்ளைகளோடு இருப்பது துரைமாருக்கு மட்டும் உள்ள சுகம் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்களுக்கும் அது கிடைத்தது. வேலை இல்லாததால் கிடைத்தது.

அந்த இரண்டு நாளும் பிள்ளைக்காம்பராவும் பூட்டியிருக்கும். அங்கேதான் எனக்குப் பிரச்சினை. மகன் அங்கே சாப்பிடுவான், என் கையால் சாப்பிடமாட்டான்.

முன்பெல்லாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்று விட்டுவிடுவேன், இரண்டு நாளும் எப்படியோ ஓடிவிடும். ஆனால் அந்த மாதம் அவனுக்கு வயிற்றோட்டம் வந்து போயிருந்தது. கால்கள் சூம்பி, கன்னம் ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவரை டாக்டர் ஐயா என்போம். அவர் அவனுடைய வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “இவன் வயிறு இனி ஒரு நாளும் காயக்கூடாதும்மா. சாப்பாடு எறங்கலன்னா பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்” என்றார். பதுளை ஆஸ்பத்திரிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கீழ் லயத்திலிருந்து அந்த வருஷம் லொறியில் ஏற்றிப்போன பிள்ளை ஒன்று திரும்பி வந்தபோது, அதைப் புதைக்கக் குழி வெட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். பசிதான் அந்தப் பிள்ளையைத் தின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பிந்திப்போய்த்தான். அதனால் பதுளை என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் குழிதான் எனக்கு ஞாபகம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை மகனை எடுக்கப் போனபோது ஆயம்மா, “பகலு நல்லா தின்னான். வீட்டுல எப்படிம்மா?” என்று கேட்டாள். “எம்புள்ளய எனக்குப் பாத்துக்கத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவனைப் பிடுங்காத குறையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் அவளைப் பார்த்து அழுதுகொண்டே வந்தான்.

சனிக்கிழமை விடிந்தபோது மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பெரட்டு இல்லை, ஓடத் தேவையில்லை என்பது உடம்புக்குத் தெரியாமல் நான் வழக்கமான நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் மூன்றும் ஒரே கம்பளிக்குள் கிடந்தன. மகன் இரண்டு அக்காமாருக்கும் நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அந்த நேரம் அவனுக்கு என்மேல் ஒரு வெறுப்பும் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை என்றதும் ஆறுதலாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து ஆள். தேயிலையை வெட்டிச் சாய்க்கும்போது விழுகிற குச்சியை மிலாறு என்போம், அது எங்கள் வீட்டில் குறையாது. ஒரு கட்டு மிலாறை அடுப்பில் வைத்து மூட்டினேன். ஒரே காம்பராதான், அடுப்பும் படுக்கையும் அதற்குள்தான். நெருப்புப் பிடித்ததும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கம்பளியோடு நகர்ந்து அடுப்பங்கரைக்கு வந்துவிட்டன. மூத்தவள் தேங்காய் திருவினாள். பாதித் தேங்காய்தான், அதையும் ஓட்டின் கறுப்புத் தெரியும்வரை திருவினாள். மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, வெந்நீர் விட்டுப் பிசைந்து, கனத்த ரொட்டியாகத் தட்டினேன். கொச்சிக்காயைச் சுட்டு உப்போடு இடித்துச் சம்பல். தேத்தண்ணிக்கு ஆளுக்குக் கொஞ்சம் சீனி உள்ளங்கையில். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும், கோப்பையில் போட்டால் ஒரே நாளில் முடிந்துபோகும். ரொட்டி கருகுகிற மணமும் கொச்சிக்காய் நெடியும் சேர்ந்தபோது எல்லோரும் ஒருசேரத் தும்மினோம். நடுப்பிள்ளை சிரிக்கத் தொடங்கி, அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தோம். வறுமைப்பட்ட வீடு என்று அந்த நேரத்தில் வந்து யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

ரொட்டியில் நடுப்பகுதியை, மெத்தென்று இருப்பதாகப் பார்த்து எடுத்து, தேத்தண்ணியில் தோய்த்து மகன் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையில் கொடுத்தேன். வாங்கினான், பார்த்தான், கம்பளியின்மேல் வைத்துவிட்டான். அழவும் இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். எதற்கோ காத்திருப்பவனைப்போல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நீ தின்னியா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“நான் பொறவு தின்னுக்கிறேன்” என்றேன்.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் தாய்மார் எல்லோரும் சொன்ன பொய்தான் அது. இருந்த மாவு நாலு பேருக்குத்தான் வரும். நான் வெள்ளிக்கிழமை பகலிலிருந்து தேத்தண்ணியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மழை கொஞ்சம் விட்டதும் வீட்டுக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாட்டுக்கு இறங்கிப் போனார். தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தை நாங்கள் நாடு என்றுதான் சொல்வோம், நாங்கள் இருப்பது நாடு இல்லை என்பதுபோல. அங்கே ஒரு வீட்டில் வேலி கட்டிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் நனைந்த சாக்கின் அடியில் நாலைந்து மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். மண் காயாத கிழங்கு. கூடவே அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியையும் ஒரு தேங்காயையும் கொடுத்திருந்தாள். நமக்குத் தந்தவர்களை மறக்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டேதான் அந்தக் கிழங்கை உரிப்பேன்.

கிழங்கை மூடாமல் அவிக்க வேண்டும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, வெந்து வெடித்ததும் தண்ணீரை வடித்து, நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காம்பரா முழுக்க ஆவி. வீட்டுக்காரர் குளிருக்கு இஞ்சித் தேத்தண்ணி கேட்டார். கிழங்கு தின்கிற நாளில் இஞ்சி ஆகாது, ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் நஞ்சு என்று சொல்லி மறுத்தேன். “ஏதோ ஒண்ணு என்னையக் கொல்லாம விடாது போல” என்று அவர் முணுமுணுத்தார். பிள்ளைகள் ஊதி ஊதித் தின்றன. வயிறு நிறையத் தின்று அவர்கள் கால் நீட்டி உட்கார்ந்ததைப் பார்க்க மனசு குளிர்ந்தது. என் பங்கை மறுநாளுக்கென்று எடுத்து வைத்தேன். மகனுக்குக் கிழங்கைத் தேங்காய்ப்பால் விட்டு மசித்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. கருப்பட்டியை உதட்டில் தடவினேன். நாக்கை நீட்டி நக்கினான். சரி, இறங்கிவிட்டது என்று அதே விரலில் கிழங்கை எடுத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டான். சூம்பிப்போன அந்த முகத்தில் அவ்வளவு பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

“ஆயம்மாவக் கூட்டிட்டு வரட்டா?” என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“வேணாம்” என்றேன்.

“வீம்பு பிடிக்கிற நேரமா இது?”

கையில் பிள்ளை கனமே இல்லாமல் கிடந்தான். பெற்றவள் கையால் ஒரு வாய் வாங்காத பிள்ளைக்கு ஊட்டிவிட இன்னொருத்தியை அழைத்து வருவதா என்றுதான் அப்போது மனசு நின்றது. அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. விழித்திருந்தான், ஆனால் எழவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினான். தண்ணீர் கொடுத்தேன், இரண்டு மிடறு குடித்தான். என் வீம்பெல்லாம் அந்த இடத்திலேயே கழன்று விழுந்துவிட்டது. “ஓடிப் போயி அவளக் கூட்டிட்டு வாங்க” என்றேன். அவர் சட்டைகூடப் போடாமல் ஓடினார். திரும்பி வரும்போது தனியாக வந்தார். ஆயம்மா முதல்நாளே பசறையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம், நாளைக் காலையில்தான் வருவாளாம்.

நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். லொறி ஞாயிற்றுக்கிழமை ஓடாது. பதுளைக்குப் போவதென்றால் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை இறங்க வேண்டும், பஸ் வருமோ வராதோ தெரியாது. “ஒரு வாய் தின்னுடா ராசா, ஒரே ஒரு வாய்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அழுதேன். பிள்ளைகள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

நடுப்பிள்ளை கிட்டே வந்து நின்றாள். என் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, நான் ஒண்ணு சொன்னா ஏச மாட்டீங்களே?”

“சொல்லு.”

“பெரட்டு வைக்காம தம்பி திங்க மாட்டான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். பகலில் ஆயம்மா பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பாளாம். கணக்கப்பிள்ளைபோல் குரலை மாற்றிக்கொண்டு, “மொத ஆளு, ரெண்டாவது ஆளு” என்று கூப்பிடுவாளாம். கூப்பிட்ட பிள்ளை, “வந்துட்டேன்” என்று சொல்லி வாயைத் திறக்க வேண்டும். ஒரு உருண்டை விழும். கூப்பிடாமல் வாய் திறந்தால் கிடையாது. அழுதால் அரைப்பேர், பாதி உருண்டைதான். ஒழுங்காகத் தின்று முடித்தவனுக்கு முழுப்பேர் என்று சொல்லித் தலையில் தட்டிவிடுவாளாம். பள்ளிக்கூடம் போகுமுன் இவளும் அந்த வரிசையில் நின்றவள்தான். தம்பி எப்போதும் கடைசியில் நிற்பானாம்.

“இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல?”

“ஆயம்மா பேச்சே எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பகல் முழுக்க மலையில் நிற்கிறவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் பகலில் நடப்பது எப்படித் தெரியும். பிள்ளை இத்தனை நாளும் வீம்பு பிடித்திருக்கவில்லை. தன்னை யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒழுங்காகக் காத்திருந்திருக்கிறான்.

சாயங்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கூப்பன் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். ஒரு கையளவுதான். அது குழைந்து வந்ததும் மிச்சமிருந்த மரவள்ளிக் கிழங்கை மசித்துச் சேர்த்தேன். மூத்தவள் லயத்துக்குப் பின்னால் போய் ஒரு கொத்து முருங்கைக் கீரை பறித்து வந்தாள். நேற்றுத் தந்த தேங்காயில் மிச்சமிருந்த பாதியில் பால் பிழிந்து கீரையை வேகவைத்தேன். கூரைக் கம்பில் தொங்கிய கடைசிக் கருவாட்டுத் துண்டைச் சுட்டுப் பிய்த்துப் போட்டேன். அந்தக் காம்பராவில் நான் ஆக்கியவற்றில் அதைவிட நல்ல சாப்பாடு ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மகன் அந்த வாசனைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“யாரு கூப்பிடுறது?” என்று மூத்தவள் கேட்டாள்.

“நானே கூப்பிடுறேன்” என்றார் வீட்டுக்காரர். எழுந்து நின்று, மிலாற்றுக் குச்சி ஒன்றைப் பிரம்பாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமினார். பதினைந்து வயதிலிருந்து பெரட்டில் நிற்கிற மனுஷன், ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எங்கள் கணக்கப்பிள்ளையின் மூக்குக் குரல் அவருக்கு அப்படியே வந்தது. “எல்லாரும் வரிசையில நில்லுங்க.”

பெண்பிள்ளைகள் இரண்டும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றன. நான் மகனை மடியிலிருந்து இறக்கினேன். இறக்கும்போதே அவன் கால்கள் தரையைத் தேடின. சுவரைப் பிடித்துக்கொண்டு, தள்ளாடி, அக்காமாருக்குப் பக்கத்தில் போய்க் கடைசியில் நின்றான். நின்று கைகளைக் கட்டிக்கொண்டான்.

அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நானும் அவன் அப்பாவும் பெரட்டில் எப்படிக் கட்டிக்கொண்டு நிற்போமோ, அதேபோல் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பிறந்த அன்று, இந்தப் பிள்ளை மட்டும் பெரட்டுக் களத்தில் போய் நிற்கக்கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டவள் நான். பேச்சு முழுதாக வருவதற்கு முன்னாலேயே அவனுக்கு அது வந்துவிட்டது. வயிறு எரிந்தது. ஆனால் சோறு கையில் இருந்தது, அவன் வாய் திறக்கப் போகிறது. எரிகிற வயிற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

“மொத ஆளு.”

“வந்துட்டேன்” என்றாள் மூத்தவள். ஒரு உருண்டை கொடுத்தேன்.

“ரெண்டாவது ஆளு.”

நடுப்பிள்ளையும் வாங்கிக்கொண்டாள். மகன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எச்சில் ஊறி வழிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

“கடைசி ஆளு.”

“ந்துட்டே” என்றான். வாயைத் திறந்தான்.

உருண்டையை வைத்தேன். மென்றான், விழுங்கினான். அவன் தொண்டையில் அது இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்காரர் மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டார். சுற்றுச் சுற்றாக வந்தது. பெண்பிள்ளைகள் தங்கள் முறைக்குச் சின்னச் சின்ன உருண்டையாக வாங்கிக்கொண்டு, தம்பிக்குப் பெரியதாக விழும்படி பார்த்துக்கொண்டார்கள். அதை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி ஆள் வந்தான், வாயைத் திறந்தான், தின்றான். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வீட்டுக்காரர் கணக்கப்பிள்ளைக் குரலை விடவில்லை, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

சட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதையும் அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு பக்கமாக வழித்துச் சேர்த்தேன். “கடைசி ஆளு” என்றார் வீட்டுக்காரர். மகன் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவன் தலையை ஆட்டினான். கட்டியிருந்த கையை அவிழ்த்து, விரலை நீட்டினான்.

“ஆளு” என்றான்.

என்னைத்தான் காட்டினான்.

“என்னா வேணுமாம்?” என்று கேட்டேன்.

நடுப்பிள்ளைதான் சொன்னாள். “நீங்களும் வரிசைல நிக்கணுமாம். ஆயம்மாவும் நிப்பாங்க. கடைசி உருண்டை அவுங்களுக்குத்தான். நாங்கதான் ஊட்டிவிடுவோம். ஒருத்தரும் திங்காம இருக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க.”

ஆயம்மாவின் காம்பராவிலும் அடுப்பு ஒழுங்காக எரியாத வருஷம்தான் அது. நான் அதை அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

“எனக்கு வேணாம்டா ராசா. நான் பொறவு தின்னுக்கிறேன்.”

“அம்மா நேத்தும் திங்கல” என்றாள் மூத்தவள், தரையைப் பார்த்துக்கொண்டு. “முந்தாநாளும் திங்கல.”

மகன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றான். இரண்டு நாளாக நான் பார்த்துப் பயந்த அதே மூடிய வாய். வேறு வழி இல்லாமல் எழுந்து போய் அவனுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில், தரையில் உட்கார்ந்தேன். நின்றால் அவன் கை எட்டாது. அவன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கட்டிவிட்டான். நான் அவிழ்க்கவில்லை.

“கடைசி ஆளு” என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். குரல் இப்போது அவருடைய சொந்தக் குரலாக இருந்தது.

“வந்துட்டேன்” என்றேன்.

மகன் சட்டிக்குள் கையை விட்டு, இருந்ததை அள்ளி, பாதியை வழியில் சிந்தி, மீதியை என் வாயில் வைத்தான். கிழங்கும் கீரையும் அவன் எச்சிலும் கலந்திருந்தது. மெல்லத் தொடங்கியதும் இரண்டு நாள் பசி மொத்தமாக எழுந்து வந்தது. நான் விழுங்கும்வரை அவன் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையைத் தூக்கி என் தலையில் தட்டினான், ஆயம்மா தட்டுவதுபோலத்தான் தட்டியிருப்பான்.

“இந்த ஆளுக்கு...” என்று வீட்டுக்காரர் தொடங்கினார். அவரால் முடிக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முழுப்பேரு, அப்பா” என்றாள் நடுப்பிள்ளை.

மகன் எப்போது என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான் என்று எனக்கு ஞாபகமில்லை. எல்லாப் பிள்ளைகளையும்போல ஏதோ ஒரு நாள் கூப்பிட்டிருப்பான். அன்றைக்குக் கூப்பிடவில்லை. சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்து என் வாயில் திணித்துவிட்டு, என் மடியில் ஏறிக் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு, “ஆளு” என்று மட்டும் சொன்னான். எனக்கு வாய் நிறையச் சோறு இருந்தது. “ம்” என்றேன்.